யாருக்கும் தரப்படாத எண்கள்

சிறப்பித்தல் என்பதைக் கொடுத்தலாகவே பழகிவிட்டவர்கள் நாம். பொன்னாடை, பட்டம், கேடயம், மணிமண்டபம், தெருவுக்குப் பெயர் என்று எதையாவது ஒன்றைக் கொடுத்தால்தான் ஒருவரைப் போற்றியதாக எண்ணுகிறோம். ஆண்டுதோறும் பாடாண் திணையை வகுப்பில் நடத்துவோருக்கு இந்த எண்ணம் இன்னும் ஆழமாக வேர்விட்டிருக்கும். புலவன் பாடினான், மன்னன் கொடுத்தான் என்றே சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது. ஆகவே, எதையும் கொடுக்காமல், கையிலிருக்கும் ஒன்றைப் பயன்பாட்டிலிருந்து விலக்கி வைப்பதாலேயே ஒருவரைப் போற்றும் வழக்கமொன்றைப் பற்றிப் படிக்க நேர்ந்தபோது, எளிதில் அதைக் கடந்து போக நம்மால் இயலவில்லை.

அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால் ஆட்டத்தில் உள்ள வழக்கம் அது. ஒவ்வோர் ஆட்டக்காரரின் சட்டை முதுகிலும் ஓர் எண் இருக்கும். ஒருவர் விலகியதும் அந்த எண் அடுத்து வருபவருக்குப் போகும். மிகச் சிலருடைய எண்ணை மட்டும் அணி யாருக்கும் தருவதில்லை என்று அறிவித்துவிடும். எண்ணுக்கு ஓய்வளித்தல் என்று இதைச் சொல்கிறார்கள். குணப்படுத்தவியலாத நரம்பு நோயால் 1939-இல் ஆட்டத்தை விட்டு விலகிய நியூயார்க் யாங்கீஸ் வீரர் லூ கெரிக்கின் 4-தான் இவ்வாறு முதன்முதலில் ஓய்வு பெற்றது. நம் கிரிக்கெட் ரசிகர்களுக்கும் இது புரியாத செய்தியன்று. 2017-இல் வேறொருவர் 10 என்ற எண்ணோடு களமிறங்கியபோது டெண்டுல்கரின் ரசிகர்கள் எவ்வளவு கொதித்தார்கள் என்பது நினைவிருக்கலாம்.

பல அணிகள் இதைச் செய்கின்றன என்றாலும், லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியின் கதையே நம்மை மிகுதியும் ஈர்த்தது. 1957 வரை நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதிக்கு உரியதாக இருந்து, 1958-இல் மேற்குக் கரைக்கு இடம்பெயர்ந்த அணி இது. 1, 2, 4, 14, 19, 20, 24, 32, 34, 39, 42, 53 என்று பன்னிரண்டு எண்களுக்கு ஓய்வளித்திருக்கிறது. அவற்றுக்கு இணையாக இரண்டு ஒலிவாங்கிகளையும் தன் அரங்கில் அடையாளமாக வைத்திருக்கிறது. ஒன்று, 1950 முதல் 2016 வரை 67 பருவங்கள் ஆங்கிலத்தில் வருணனை செய்த வின் ஸ்கலிக்கு உரியது. மற்றொன்று, 1959 முதல் 2022 வரை ஸ்பானிய மொழியில் வருணித்த, ஈக்வடாரில் பிறந்த ஹைமே ஹரினுக்கு உரியது. பாடப்பட்டவனுக்குப் பக்கத்திலேயே பாடியவனையும் நிறுத்தியிருக்கிறார்கள் என்பது இலக்கிய வாசகருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

வெறும் ஓர் எண்ணை ஒதுக்கி வைப்பதில் அப்படி என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். ஆசிரியர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள் என்று நினைக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பு மாணவர் ஒருவர் கல்வியாண்டின் நடுவில் விபத்தில் இறந்துபோனார். அவருடைய வருகைப்பதிவு எண் 27. பதிவேட்டில் அந்தப் பெயரின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு விழுந்தது. ஆனால் மற்றவர்களின் எண்கள் மாறவில்லை. அந்த ஆண்டு முடியும்வரை 26-ஐ அழைத்த பிறகு 28-ஐ அழைக்க வேண்டியிருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு நொடி. அந்த நொடியில் எவ்வளவு சலசலப்பான வகுப்பும் அடங்கிவிடும். யாரும் சொல்லி வைத்துச் செய்ததன்று. இரங்கல் கூட்டத்தில் பேசப்பட்ட சொற்களெல்லாம் மறந்து போயின. அந்த இடைவெளி மட்டும் மறக்கவில்லை. டாட்ஜர்ஸ் அணியின் எண்வரிசையைப் படித்தபோது, 31-க்கும் 33-க்கும் நடுவிலும், 38-க்கும் 40-க்கும் நடுவிலும் இருப்பது அதே இடைவெளிதான் என்று தோன்றியது.

*

அந்த அணி முதன்முதலில் எண்களுக்கு ஓய்வளித்த நாள் 1972 ஜூன் 4. ஒரே நாளில் மூன்று எண்கள்: ஜாக்கி ராபின்சனின் 42, ராய் காம்பனெல்லாவின் 39, சாண்டி கோஃபாக்ஸின் 32.

கோஃபாக்ஸ் இடக்கைப் பந்துவீச்சாளர். முழங்கை மூட்டுவாதத்தால் 1966-ஆம் ஆண்டுப் பருவத்தோடு, புகழின் உச்சியில், முப்பது வயதிலேயே விலகியவர். காம்பனெல்லா, நம் விக்கெட் காப்பாளரைப் போல மட்டையாளருக்குப் பின்னே அமரும் கேட்சர். மூன்று முறை லீகின் தலைசிறந்த வீரராகத் தேர்வு பெற்றவர். 1958 ஜனவரியில் பனி படர்ந்த சாலையில் அவருடைய கார் சறுக்கிக் கவிழ்ந்தது. அதன்பிறகு அவர் எழுந்து நடக்கவில்லை. அணி லாஸ் ஏஞ்சலிஸ் போய்ச் சேர்ந்தபோது அந்த நகருக்காக ஆட அவருக்கு ஒரு நாளும் வாய்க்கவில்லை.

ராபின்சனின் கதையை இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அதற்கு முன் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கறுப்பின மக்களை உள்ளே விடாதிருந்த பெரிய லீகுகளில், 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் அணிக்காகக் களமிறங்கியவர் அவர். வசைகளையும் கொலை மிரட்டல்களையும் தாங்கிக்கொண்டு பத்துப் பருவங்கள் ஆடினார். 1955-இல் புரூக்ளின் தன் ஒரே உலகத் தொடர் வெற்றியைப் பெற்றபோது அணியில் இருந்தார். அப்படிப்பட்டவரை 1956 டிசம்பரில் அணி தன் பரம எதிரியான ஜயண்ட்ஸ் அணிக்கு விற்றது. அவரோ அதற்குள் ஆட்டத்தை விட்டே விலகத் தீர்மானித்திருந்தார். அதன்பின் அணிக்கும் அவருக்கும் நடுவே நெடுங்காலம் ஒரு விலகல் இருந்தது. 42 உடனே ஒதுக்கி வைக்கப்படவும் இல்லை. 1969-இல் ரே லாம்ப் என்ற புதிய பந்துவீச்சாளர் அந்தச் சட்டையை அணிந்து ஆடியிருக்கிறார்.

1972 ஜூனில் அவர் மைதானத்துக்கு வந்தபோது வயது 53. தலைமுடி முழுவதும் நரைத்திருந்தது. நீரிழிவு பார்வையைப் பெரும்பாலும் பறித்துவிட்டது. முந்தைய ஆண்டுதான் மூத்த மகனைக் கார் விபத்தில் இழந்திருந்தார். பக்கத்தில் சக்கர நாற்காலியில் காம்பனெல்லா. முதன்முதலாகக் கதவைத் திறந்தவரும் அவரையடுத்து அதே கதவு வழியாக வந்தவரும் உடல் தளர்ந்த நிலையில் ஒன்றாக அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டார்கள். மனைவியர் தவிர, இவர்கள் இருவரின் இழப்பையும் அங்கே முழுமையாக அறிந்தவர் யார் இருந்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

நான்கு மாதங்கள் கழித்து, அக்டோபர் 15 அன்று, சின்சினாட்டியில் நடந்த உலகத் தொடர் ஆட்டத்தில் மீண்டும் அவரைப் போற்றினார்கள். அவர் வந்த 25-ஆம் ஆண்டு அது. நன்றி சொல்லிவிட்டு, களத்தின் ஓரத்தில் அணியை வழிநடத்தும் இடத்தில் ஒரு கறுப்பின முகத்தைக் காணும் நாளில் தாம் இன்னும் மகிழ்வதாக அவர் தெரிவித்தார். அப்போது பெரிய லீகுகளில் ஒரு கறுப்பின மேலாளர்கூட இல்லை. ஒன்பது நாள்களில் அவர் இறந்துபோனார். 1975-இல்தான் கிளீவ்லண்ட் அணியில் ஃபிராங்க் ராபின்சன் முதல் கறுப்பின மேலாளராகக் களம் கண்டார்.

மாலையை ஏற்றுக்கொண்ட கையோடு கணக்கையும் நினைவூட்டிய அந்தச் செயல் நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மேடைகளில் நாம் பார்ப்பது வேறு. சால்வை தோளில் விழுந்தவுடன் வழக்குகள் யாவும் தீர்ந்துவிட்டதாகக் கொள்வதே இரு தரப்பாருக்கும் வசதி. ராபின்சன் அந்த வசதியைத் தரவில்லை.

1997 ஏப்ரல் 15-ஆம் நாள் 42 என்ற எண்ணுக்கு எல்லா அணிகளிலும் ஓய்வளிப்பதாக அறிவிக்கப்பட்டது. ஏற்கெனவே அதை அணிந்திருந்தவர்கள் மட்டும் தொடரலாம் என்றார்கள். அவர்களில் கடைசியானவர் யாங்கீஸ் அணியின் மரியானோ ரிவேரா, 2013-இல் விலகினார். 2007-இல் கென் கிரிஃபி ஜூனியர் அந்த ஒரு நாள் மட்டும் 42 அணிய அனுமதி கேட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அணிந்தார்கள். 2009 முதல் ஒவ்வோர் ஏப்ரல் 15-லும் எல்லா அணிகளின் எல்லா வீரர்களும் 42 அணிந்தே ஆடுகிறார்கள். ஆண்டு முழுவதும் யாருக்கும் இல்லாத எண், ஒரு நாள் மட்டும் எல்லோருக்கும் உரியதாகிறது. அழகான ஏற்பாடுதான். ஆயினும், எல்லோரும் ஒரே சட்டை அணிகிற நாளில் அவர் கேட்ட கேள்வி யார் காதில் விழுகிறது என்ற ஐயமும் கூடவே எழுகிறது.

*

காம்பனெல்லாவுக்கு அந்த நகரம் செய்த முதல் மரியாதை எண்ணன்று, ஒளி. 1959 மே 7, வியாழக்கிழமை இரவு. புதிய அரங்கம் கட்டப்படும்வரை டாட்ஜர்ஸ் ஆடிக்கொண்டிருந்த லாஸ் ஏஞ்சலிஸ் கொலிசியத்தில், யாங்கீஸ் அணியோடு ஒரு காட்சி ஆட்டம். வந்தவர்கள் 93,103 பேர். பழைய புரூக்ளின் தோழர் பீ வீ ரீஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மைதானத்தின் நடுவே வந்தார். அரங்கின் விளக்குகள் அணைக்கப்பட்டன. கூட்டத்தினர் ஒவ்வொருவராகத் தீக்குச்சி கிழித்தும் லைட்டரைப் பற்றவைத்தும் பிடித்தார்கள். தங்கள் ஊருக்காக ஒரு பந்துகூடப் பிடித்திராத மனிதருக்காக அந்த இருளில் பல்லாயிரம் சிறு சுடர்கள். படங்களில் பார்க்கும்போதே கண் கலங்குகிறது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, மே 8. அதே நகரத்தின் சவேஸ் ரவீன் என்ற குன்றுப் பகுதிக்குக் காவலர்களும் புல்டோசர்களும் போய்ச் சேர்ந்தன. கடைசியாக எஞ்சியிருந்த குடும்பங்களை வெளியேற்றும் நாள் அது. வெளியே வர மறுத்த ஒரு பெண்ணைக் காவலர்கள் கைகால்களைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு படியிறங்கும் புகைப்படம் இன்றும் காணக்கிடைக்கிறது. வீடுகள் இடிக்கப்பட்டன. சில நாள்கள் அந்த மக்கள் இடிபாடுகளுக்குப் பக்கத்திலேயே முகாமிட்டிருந்தார்கள்.

அணிக்கு நியாயமாக, முழு வரலாற்றையும் சொல்ல வேண்டும். அந்தக் குன்றில் மெக்சிக்க வம்சாவளி மக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வந்தார்கள். 1950-இல் அரசுக் குடியிருப்புத் திட்டத்துக்காக அவர்களை வெளியேறச் சொன்னது நகர நிர்வாகம். புதிய குடியிருப்பில் அவர்களுக்கே முதலிடம் என்ற வாக்குறுதியும் தரப்பட்டது. பெரும்பாலோர் போய்விட்டார்கள். அரசு வீடு கட்டித் தருவதையே பொதுவுடைமை என்று அஞ்சிய காலம் அது. 1953-இல் திட்டம் கைவிடப்பட்டது. வாக்குறுதியும் அதனோடு போயிற்று. பிறகு புரூக்ளினிலிருந்து அணியை வரவழைக்க அந்த நிலத்தைக் கொடுக்க நகரம் முன்வந்தது. 1958 ஜூனில் நடந்த பொது வாக்கெடுப்பில் சிறு வேறுபாட்டில் அது நிறைவேறியது. 1962 ஏப்ரல் 10-இல் டாட்ஜர் அரங்கம் திறக்கப்பட்டது. வெளியேற்றியவர்கள் டாட்ஜர்ஸ் அல்லர். ஆனால் அந்த நிலத்தில் ஆடியவர்கள் அவர்களே. மெக்சிக்கக் குடும்பங்கள் பலவற்றில், அந்த அரங்கத்துக்குள் காலடி வைப்பதில்லை என்ற உறுதி நெடுங்காலம் காக்கப்பட்டது.

மே 7 இரவும் மே 8 பகலும் ஒன்றோடொன்று தொடர்புடையன என்று நாம் சொல்லவில்லை. தீக்குச்சி ஏந்தியவர்கள் கல்நெஞ்சர்களும் அல்லர். ஒரு நகரம் ஒரு மனிதரின் இழப்புக்கு உண்மையாகவே உருகுவதும், அடுத்த பகலில் வேறு சில மனிதர்களின் இழப்பைக் கண்டுகொள்ளாதிருப்பதும் இயல்பாக நடக்கக்கூடியதே என்பதைத்தான் அடுத்தடுத்த இந்த இரண்டு தேதிகளும் காட்டுகின்றன. நம் ஊர்களிலும் இத்தகைய தேதிகளைத் தேடினால் கிடைக்கும்.

*

1981-ஆம் ஆண்டின் தொடக்க ஆட்டம், ஏப்ரல் 9. வீச வேண்டியவருக்குக் காயம். கடைசி நேரத்தில் ஓர் இருபது வயது இளைஞர் அழைக்கப்பட்டார். பெயர் ஃபெர்னாண்டோ வலென்சுவேலா. மெக்சிக்கோவின் சொனோரா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், வேளாண் குடும்பத்தின் பன்னிரண்டாவது குழந்தையாகப் பிறந்தவர். சற்றுப் பருத்த உடல். பந்தை எறியுமுன் கண்களை ஒருமுறை வானத்துக்கு உயர்த்தும் விசித்திரமான பழக்கம். சட்டை எண் 34.

அன்று எதிரணி ஓர் ஓட்டம்கூட எடுக்கவில்லை. தொடர்ந்து முதல் எட்டு ஆட்டங்களிலும் அவரே வென்றார். அவற்றுள் ஐந்தில் எதிரணிக்கு ஓட்டமே இல்லை. அந்த ஆண்டு டாட்ஜர்ஸ் உலகத் தொடரை வென்றது. சிறந்த புதுமுகம், சிறந்த பந்துவீச்சாளர் ஆகிய இரு விருதுகளையும் ஒரே பருவத்தில் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவரே. ஆங்கிலம் அறியாத அவருக்குச் செய்தியாளர் முன்னிலையில் மொழிபெயர்ப்பாளராக அமர்ந்தவர், மேலே நாம் குறிப்பிட்ட ஹைமே ஹரின்.

அதுவரை வராதிருந்தவர்கள் அந்த ஆண்டு அரங்கத்துக்கு வந்தார்கள். தங்களைப் போன்ற நிறமும் தங்களைப் போன்ற பேச்சும் உள்ள ஒருவன் குன்றின் நடுவே நின்று பந்து வீசுவதைக் காணத் தாத்தாக்களும் பாட்டிகளும் பேரப்பிள்ளைகளோடு வந்தார்கள். பழைய காயம் அதனால் ஆறிவிட்டது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். ஆறியதா என்று சொல்லும் உரிமை நமக்கில்லை. வந்தார்கள் என்பது மட்டும் உறுதி.

பத்தாண்டுகளில் அவருடைய தோள் தேய்ந்தது. 1990 ஜூனில், எதிரணி மட்டையடியால் ஒருமுறைகூடத் தளம் அடையாத அரிய ஆட்டம் ஒன்றை வீசினார். 1991 மார்ச்சில், பருவம் தொடங்குமுன், அணி அவரை விடுவித்தது. அங்கிருந்துதான் நாம் சொல்ல வந்த கதை தொடங்குகிறது. டாட்ஜர்ஸ் அணிக்கு ஒரு விதி உண்டு. பேஸ்பாலின் புகழ்மண்டபத்துக்குத் தேர்வானவர்களின் எண்ணுக்கே ஓய்வு. வலென்சுவேலாவுக்கு 2003, 2004 ஆண்டுகளின் வாக்கெடுப்பில் போதிய வாக்குகள் கிடைக்கவில்லை. பட்டியலிலிருந்தே பெயர் போய்விட்டது. ஆகவே விதிப்படி 34-க்கு ஓய்வு இல்லை. ஆனால் 1991-க்குப் பின் டாட்ஜர்ஸ் வீரர் ஒருவரும் அந்த எண்ணை அணிந்ததில்லை. புதிய வீரர்களுக்கு எண் வழங்குகிற இடத்தில் அது சத்தமில்லாமல் எடுத்து வைக்கப்பட்டது. 32 ஆண்டுகள். அறிவிப்பு இல்லை, விழா இல்லை, சுவரில் எழுத்தும் இல்லை.

இந்த விதியின் கண்டிப்பு வேறு சிலரையும் காக்க வைத்தது. புரூக்ளின் மக்களின் அன்புக்குரிய கில் ஹாட்ஜஸ் 1972-இல் மாரடைப்பால் இறந்தார். அவர் மேலாளராக இருந்த மெட்ஸ் அணி அடுத்த ஆண்டே 14-க்கு ஓய்வளித்துவிட்டது. டாட்ஜர்ஸ் அணியோ புகழ்மண்டபத்தின் கதவு திறக்கும்வரை, 2022 வரை, பொறுத்திருந்தது. தொண்ணூறு வயதைக் கடந்த அவருடைய மனைவி அந்தச் செய்தியைக் கேட்க உயிரோடிருந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் மறைந்தார். விதியைத் தளர்த்தியது 1978-இல் ஒரே ஒரு முறை. ராபின்சனுக்குப் பின் அவருடைய இடத்தில் ஆட வந்து, பிறகு பயிற்றுநராகவும் இருந்த ஜிம் கில்லியம் உலகத் தொடர் தொடங்க இரண்டு நாள்களே இருந்தபோது மூளை இரத்தக் கசிவின் விளைவாக இறந்தார். அவருடைய 19-க்கு உடனே ஓய்வளித்தார்கள். துயரம் வாசற்படியில் நிற்கும்போது விதியை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

இரண்டாவது முறை விதி வளைந்தது வலென்சுவேலாவுக்காக, 2023 ஆகஸ்ட் 11 அன்று. அவர் உயிரோடு வந்து நின்று ஏற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டு அக்டோபர் 22-இல், யாங்கீஸ் அணியோடு உலகத் தொடர் தொடங்க மூன்று நாள்கள் இருந்தபோது, 63 வயதில் காலமானார். சட்டைக் கையில் 34 என்ற எண்ணோடு ஆடிய அணி அந்தத் தொடரை வென்றது.

தொல்காப்பியத்தின் நடுகல் துறைகளைப் பாடம் சொல்லும்போது, கல்லைத் தேர்தல் முதல் வாழ்த்துதல் வரை ஆறு படிகளையும் வரிசையாகக் கரும்பலகையில் எழுதுவது நம் வழக்கம். கல் நட்ட பிறகு என்ன என்று மாணவர்கள் கேட்பார்கள். நூலில் அதற்குமேல் இல்லை. அந்தக் கல்லுக்கு நாள்தோறும் யாரோ ஒருவர் நீர் வார்த்திருப்பார், யாரோ ஒருவர் அதன்மேல் கால் படாமல் சுற்றிக்கொண்டு போயிருப்பார். அவர்கள் பெயர் எந்தத் துறையிலும் வராது. 34-ஐ முப்பத்திரண்டு ஆண்டுகள் எடுத்து வைத்திருந்த கைகளை நாம் அத்தகையனவாகவே எண்ணுகிறோம். 2023-இல் அரங்கில் ஏறியது அவர்கள் ஏற்கெனவே காத்து வந்த ஒன்று. நிறுவனம் செய்ததெல்லாம் அதற்கு ஒப்புதல் அளித்ததுதான்.

ஒன்று மட்டும் மிச்சமிருக்கிறது. சவேஸ் ரவீனிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்கான இழப்பீட்டையும் நினைவுச் சின்னத்தையும் ஆராய ஒரு குழு அமைக்கும் மசோதாவைக் கலிஃபோர்னியச் சட்டமன்றம் 2024-இல் நிறைவேற்றியது. ஆளுநர் அதற்கு ஒப்புதல் தரவில்லை. ராபின்சன் 1972-இல் நினைவூட்டியதைப் போல இதையும் யாரேனும் நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். அந்தக் குன்றில் இருந்தவை மூன்று ஊர்கள். பாலோ வெர்டே, லா லோமா, பிஷப் என்பன அவற்றின் பெயர்கள்.